மாதக் கடிதத்தில் என்ன எழுதுவது? புதிதாகச் செயலாளர் ஆகும் தம்பிக்கு

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு சேவைச் சங்கத்தில் ஜூலை 1 முதல் செயலாளர் பொறுப்பு ஏற்கிறேன். சுமார் 40 உறுப்பினர்கள். சங்கச் செய்திகளும் வரப்போகும் நிகழ்ச்சிகளும் அடங்கிய கடிதத்தை மாதாமாதம் அனுப்ப வேண்டும். இதுவரை அனுப்பியதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. முகாம் நடத்தினால் ஆறேழு பேர்தான் வருகிறார்கள். கடிதத்தில் என்ன எழுதுவது? ஒரு வருட நிகழ்ச்சிகளை எப்படித் திட்டமிடுவது?

பதில்:

தம்பி, மதுரையில் ஒரு சேவைச் சங்கத்தில் 19 வருடமாக இருக்கிறேன். அதில் 6 வருடம் இந்தக் கடிதம் எழுதும் வேலை என்னிடம் இருந்தது. முதல் இரண்டு வருடம் எங்கள் கடிதத்தையும் யாரும் படிக்கவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. யார் தலைமை தாங்கினார், யார் முன்னிலை வகித்தார், யார் வரவேற்றார், யார் நன்றி கூறினார் என்பதைத் தவிர அதில் செய்தியே இல்லை. பெயர் வந்தவர் தன் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். வராதவர் திறக்கவே மாட்டார்.

உறுப்பினருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: "போன மாதம் என்னிடம் காசு கேட்டீர்கள், நேரம் கேட்டீர்கள், அது என்ன ஆச்சு?" அதைச் சொல்லிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். மற்றதெல்லாம் தானாக அமையும்.

எனக்கு இது புரிந்த நாளைச் சொல்கிறேன். டி.கல்லுப்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் கண் முகாம் நடத்தியிருந்தோம். கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் எல்லோரையும் பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுவந்து விட்டபோது துணைக்கு நான் போயிருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பாட்டி, ஊர் வருவதற்குள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து மடியில் கொட்டினார். ஒரு ரூபாய் தனி, இரண்டு ரூபாய் தனி, ஐந்து ரூபாய் தனி என்று பிரித்து அடுக்கினார். ஒன்றரை வருடமாகக் கடைக்குப் போனால் பையையே கடைக்காரப் பையனிடம் நீட்டி "நீயே எடுத்துக்கப்பா" என்று சொல்லி வந்தாராம். அன்றைக்கு அவரே எண்ணினார். அந்த மாதக் கடிதத்தில் தலைமை, முன்னிலை எதையும் எழுதவில்லை. இதை மட்டும் 10 வரியில் எழுதினேன். அதுவரை எந்த முகாமுக்கும் வராத நாலு பேர் அந்த வாரமே போன் செய்து அடுத்த முகாம் எப்போது என்று கேட்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பாட்டியின் பெயரையும் படத்தையும் நான் போடவில்லை. உதவி வாங்குபவரின் முகத்தைப் படம் எடுத்துப் போடுவது நம் சங்கங்களில் வழக்கமாகிவிட்டது. தையல் மெஷின் ஒன்றுக்குப் பத்துப் பேர் கை வைத்து நிற்க, வாங்குகிற அம்மா ஓரத்தில் தலை குனிந்து நிற்பார். அந்தப் படத்தை அவருடைய பிள்ளை நாளைக்குப் பார்க்கும். வேண்டாம் தம்பி. வேலை செய்யும் கைகளைப் படம் எடுங்கள், போதும்.

சரி, வருடத் திட்டத்துக்கு வருவோம். தலைமையிடத்திலிருந்து ஒரு காலண்டர் வரும். இந்த மாதம் இந்தச் சேவை, அந்த நாள் உலக தினம் என்று அதில் இருக்கும். அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைக் கையில் எடுங்கள். முகூர்த்த நாள், அமாவாசை, ஊர்த் திருவிழா எல்லாவற்றையும் பென்சிலில் வட்டமிடுங்கள். வளர்பிறை முகூர்த்தத்தன்று நம் ஊரில் ஒரு வீட்டுக்கு மூன்று கல்யாணப் பத்திரிகை வந்திருக்கும். அன்றைக்கு முகாம் வைத்துவிட்டு உறுப்பினர் வரவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மண்டபம் காலியாக இருக்கும், வாடகையும் குறையும். பயிற்சி வகுப்பு, குடும்பக் கூட்டம், பெரிய முகாம் என்று கூரை தேவைப்படும் எதையும் அந்த இரண்டு மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஜூலையில் பொறுப்பேற்கிறீர்கள். ஜூலை நடுவிலேயே ஆடி பிறந்துவிடும்.

கண் முகாம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்துச் சங்கங்களுக்கு இதுதான் தாய் வேலை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் வளர்த்த முறை இதுதான்: ஊரில் இருக்கும் ஓர் அமைப்பு முகாமுக்கு இடம் பிடித்து, ஆட்களைத் திரட்டி, சாப்பாடு, போக்குவரத்து போன்ற செலவுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவக் குழு வந்து பரிசோதித்து, அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகும். இந்த முறையில் சேவைச் சங்கங்கள் நன்றாகப் பொருந்திப்போயின. லயன்ஸ் சங்கங்களுக்குக் கண் சேவை இன்னும் முன்பே வந்துவிட்டது. 1925இல் ஹெலன் கெல்லர் அவர்களுடைய மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்காக உழைக்கும்படி கேட்டுக்கொண்டதிலிருந்து அது தொடர்கிறது.

முகாம் நாளில் மருத்துவக் குழுவின் வேலை சீராக நடந்துவிடும். பதிவு, பார்வைப் பரிசோதனை, கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, டாக்டர், கண்ணாடி என்று மேசை வரிசையாக இருக்கும். நம் வேலை அதற்கு முந்தின பத்து நாளில் இருக்கிறது. ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பால் ஊற்றும் சங்கம், ரேஷன் கடை, நூறு நாள் வேலை நடக்கும் இடம், டீக்கடை, இந்த நாலு இடத்துக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே, அறுவைச் சிகிச்சைக்குப் போக நேர்ந்தால் மாற்றுத் துணியும், வீட்டில் ஒருவருடைய போன் நம்பரும், ஆதார் நகலும் கொண்டுவரச் சொல்லுங்கள். இதைச் சொல்லாத ஒரே காரணத்தால், "வீட்டுல சொல்லிட்டு வாரேன்" என்று போய் அப்படியே திரும்பாதவர்கள் எத்தனையோ பேர்.

தேதியிலும் சூட்சுமம் உண்டு. கண்ணில் அறுவை செய்தால் கொஞ்ச நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. தீபாவளிக்கு முந்தின வாரம் முகாம் வைத்தால், எண்ணெய் தேய்த்துக் குளிக்க முடியாதே என்று பெரியவர்கள் தயங்குவார்கள். பொங்கலுக்கு முன்னாலும் அதே கதைதான். மேலூர்ப் பக்கம் நாற்று நடவு நேரத்தில் ஆள் கிடைக்காது. உசிலம்பட்டி, சேடபட்டிப் பக்கம் மானாவாரிக் காடுகள் அதிகம், முதல் மழை விழுந்ததும் எல்லோரும் விதைப்புக்குப் போய்விடுவார்கள். அக்னி நட்சத்திரத்தில் புண் ஆறாது என்று பயப்படுவார்கள். அந்த பயத்தை டாக்டர் வாயால் போக்கலாம். தீபாவளிக் குளியலை விட்டுக்கொடுக்கச் சொல்ல முடியாது. முன்கூட்டியே மருத்துவமனையோடு பேசித் தேதி வாங்குங்கள். மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்தின் அனுமதியும் வேண்டும்.

முகாம் முடிந்ததும் "300 பேர் பயனடைந்தனர்" என்று எழுதாதீர்கள். அது எனக்குப் பிடிக்காத வாக்கியம். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேருக்கு அறுவைச் சிகிச்சை சொன்னார்கள், எத்தனை பேர் பஸ் ஏறினார்கள் என்று மூன்று எண்ணையும் எழுதுங்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் அடுத்த மாதத்து வேலை. ஏறாதவர்கள் வீட்டுக்கு இரண்டு பேர் போய் உட்கார்ந்து பேசினால், மறுமுறை பாதிப் பேராவது வருவார்கள். எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் மகனோ மருமகளோ கூட இருந்து பேசினாலே காரியம் முடிந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண்தான இருவார விழா. ஊர்வலம் போவது நல்லதுதான். அதைவிட, ஒரு சாவு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் 40 உறுப்பினருக்கும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தலைக்குத் தலையணை வைத்து உயர்த்த வேண்டும். கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்தவர், சர்க்கரை உள்ளவர் எல்லோரும் கொடுக்கலாம். எடுக்க 20 நிமிடம் போதும், முகம் விகாரமாகாது. இந்த ஐந்து வரியும் கண் வங்கியின் போன் நம்பரும் உங்கள் கடிதத்தின் அடியில் எல்லா மாதமும் அச்சாகட்டும். உறுதிமொழிப் படிவம் எழுதிக் கொடுத்தவர் வீட்டிலேயே, அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். போன் செய்ய வேண்டியவர் இறந்தவர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். அவர் நம் உறுப்பினராக இருந்தால் நல்லது.

அப்புறம் ரத்ததானம். தலைவர் பிறந்தநாளுக்கு ஒரே நாளில் 150 யூனிட் கொடுத்துப் பத்திரிகையில் படம் வருவதில் பலருக்குப் பெருமை. ஆனால் ரத்தம் நெடுநாள் சேமித்து வைக்கக்கூடிய பொருள் இல்லை. சிவப்பணு 35 முதல் 42 நாள் தாங்கும், தட்டணு (பிளேட்லெட்) 5 நாள்தான். அதனால் அதே 150 பேரைப் பிரித்து வருடத்தில் நாலு முகாமாக வையுங்கள். பெரியாஸ்பத்திரி ரத்த வங்கியில் எப்போது தட்டுப்பாடு என்று கேட்டுப் பாருங்கள், மே மாதம் என்பார்கள். கல்லூரிகள் விடுமுறையில் இருக்கும், முகாமே நடக்காது. மழைக்காலத்தில் டெங்கு வந்தால் தட்டணுவுக்கு அலைவார்கள். அந்த இரண்டு சமயத்திலும் உங்கள் சங்கம் நிற்க வேண்டும். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். உறுப்பினர்களின் ரத்த வகையும் கடைசியாகக் கொடுத்த தேதியும் ஒரு நோட்டில் இருந்தால், "இந்த மாதம் மறுபடி கொடுக்கத் தகுதியானவர்கள்" என்று கடிதத்தில் பெயர் போட்டுவிடலாம். தை பிறந்ததும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. காயம்பட்டவர்களுக்கு ரத்தம் கொடுக்க அந்த மூன்று நாளும் கூப்பிட்டால் வரக்கூடிய 10 பேர் பட்டியலைத் தயாராக வையுங்கள்.

மரம் நடுவது பற்றி ஒரு வார்த்தை. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம் என்று ஊரெல்லாம் கன்று நடுகிறார்கள். நம் பக்கம் ஜூனில் மழை ஏது? நட்ட கன்று ஆடிக் காற்றில் காய்ந்துவிடும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கன்று நடுவதைப் புரட்டாசிக் கடைசியில் வையுங்கள். பனை விதை என்றால் ஆடி, ஆவணியில் பழம் விழும்போது பொறுக்கி, மழைக்கு முன்னால் கண்மாய்க் கரையில் ஊன்றிவிடலாம். தண்ணீரும் கேட்காது, வேலியும் கேட்காது.

கண்மாய்க்கு வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்வதும் அதே ஆவணியில்தான் எங்களுக்கு வழக்கம். மதுரையில் ஆவணி மூலத்துக்குப் புட்டுத் திருவிழா. வைகைக் கரை உடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட, ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காகச் சிவனே கூலியாளாக வந்து மண் சுமந்தார் என்ற கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். ஒரு வருடம் கடிதத்தின் தலைப்பாக "வீட்டுக்கு ஓர் ஆள்" என்று மட்டும் போட்டு, கீழே இடமும் நேரமும் எழுதினேன். 27 வீட்டிலிருந்து ஆள் வந்தது, மூன்று வீட்டிலிருந்து பாட்டியே வந்து மோர் கரைத்துக் கொடுத்தார்கள். ஆனால் கண்மாயில் கை வைக்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளது என்றால் நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தது என்றால் ஊராட்சி ஒன்றியம்.

பள்ளிக்கூடத்துக்கு உதவுவதில் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஒரு ஜூன் மாதம் 200 பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக்கொண்டு ஓர் அரசுப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் மரியாதையாக வாங்கிக்கொண்டு, பீரோவைத் திறந்து காட்டினார். போன வருடம் வேறு இரண்டு அமைப்புகள் கொடுத்த நோட்டுகள் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு எல்லாம் அரசே தருகிறது. காலை உணவுத் திட்டமே 2022 செப்டம்பர் 15இல் நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. அதனால் போவதற்கு முன் கேளுங்கள். எங்களிடம் அந்தத் தலைமையாசிரியர் கேட்டது இரண்டே: கழிப்பறைக்குத் தினமும் தண்ணீர் வர ஒரு மோட்டார், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாலையில் தங்கிப் படிக்கும்போது கொடுக்கச் சுண்டல். இரண்டையும் செய்தோம். நோட்டுக்குச் செலவழித்ததைவிடக் குறைந்த தொகைதான் ஆனது.

சித்திரைத் திருவிழாவுக்கு உங்கள் ஊரிலிருந்தும் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள், நீர்மோர்ப் பந்தல் போடாமல் இருக்க முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தண்ணீர், மோர், விசிறி, நிழல், இவைதான் கூட்டத்துக்கு வேண்டியவை. உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்பே பதிவு செய்துவிடுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. எவர்சில்வர் டம்ளர் 200 எடுத்து, கழுவுவதற்கு இரண்டு பேரைத் தனியாகப் போடுங்கள். மண்பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் ஐஸ் தேவையில்லை. காலை 10 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடித்துவிடாதீர்கள். கால் சுட நடந்து திரும்புகிறவர்கள் மூன்று மணிக்குத்தான் வருவார்கள்.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் நாலு வரி: வரவு, செலவு, கையிருப்பு, கொடுக்க வேண்டிய பாக்கி. உங்கள் அறக்கட்டளைக்கு 80ஜி (நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் பதிவு) இருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்கு வரிச் சலுகை கிடையாது என்பதை மார்ச் மாதத்துக்கு முன்பே உறுப்பினருக்குச் சொல்லுங்கள். நன்கொடை விவரத்தை மே 31க்குள் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்வது பொருளாளர் வேலை, நினைவூட்டுவது உங்கள் வேலை. பதவியேற்பு விழாவில் பொன்னாடை, நினைவுப் பரிசுக்கு என்ன செலவானது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒரு வருடம் அப்படி எழுதியதும், அடுத்த வருடம் செயற்குழுவே அதைப் பாதியாகக் குறைத்தது.

இனி கடிதத்தின் வடிவம். ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். படமாக்கி அனுப்பாமல் எழுத்தாகவே வாட்ஸ்அப்பில் போடுங்கள், வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பார்கள். அதையே நீங்கள் மூன்று நிமிடம் வாசித்து ஒலிப்பதிவாகவும் அனுப்புங்கள். எங்கள் மூத்த உறுப்பினர்கள் படித்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். ஆள் கேட்கும்போது "அனைவரும் தவறாது கலந்துகொள்ளவும்" என்று எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள். எத்தனை பேர், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று தருகிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான்:

"போன மாதம் கேட்டது: பேரையூர்ப் பக்கக் கண் முகாமுக்கு 8 பேர், 6,000 ரூபாய். கிடைத்தது: 7 பேர், 6,500 ரூபாய். பார்க்க வந்தவர்கள் 143. அறுவைச் சிகிச்சை சொல்லப்பட்டவர்கள் 31. பஸ் ஏறியவர்கள் 22. மீதி 9 பேர் வீட்டுக்கு இரண்டாம் ஞாயிறு காலை போகிறோம். கார் இருக்கிறது, கூட வர ஒருவர் வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். மூன்றாம் ஞாயிறு ரத்ததான முகாம், காலை 8 முதல் 12 வரை. பழச்சாறு கொடுக்க 2 பேர், பதிவு மேசைக்கு 2 பேர். இதில் 3 பேர் சொல்லிவிட்டார்கள், ஓர் இடம் இருக்கிறது."

"ஓர் இடம் இருக்கிறது" என்ற வரிக்கு எங்களுக்கு எப்போதும் பதில் வந்திருக்கிறது.

உடனே பலன் தெரியாத வேலையையும் விடாமல் எழுதுங்கள். ரோட்டரி சங்கம் 1985இல் போலியோ ஒழிப்பை உலக அளவில் கையில் எடுத்தது. இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரியில், ஹவுராவில். 2014 மார்ச் 27இல்தான் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது. இடைப்பட்ட வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் சொட்டு மருந்துப் பெட்டியோடு நின்றவர்களுக்கு, அன்றைக்கு எத்தனை குழந்தை வந்தது என்ற எண் மட்டும்தான் சம்பளம். அந்த எண்ணைத் தவறாமல் எழுதிக் கொடுத்த செயலாளர்களால்தான் அவர்கள் அடுத்த தடவையும் வந்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

ஜூலைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரம் கடிதம் எழுத உட்காராதீர்கள். கடந்த ஒரு வருடமாக எந்த நிகழ்ச்சிக்கும் வராத உறுப்பினர்கள் யார் யார் என்று பழைய செயலாளரிடம் கேட்டு, அவர்களில் பத்துப் பேருக்கு ஒவ்வொருவராகப் போன் செய்யுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். "உங்களுக்கு எந்தக் கிழமை, எந்த நேரம் தோது?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடை வைத்திருப்பவர் ஞாயிறு என்பார், ஆசிரியர் சனி மாலை என்பார், வீட்டில் படுக்கையாக மாமியார் இருக்கிற ஒருவர், வெளியே வர முடியாது ஆனால் போன் செய்து ஆள் சேர்க்க முடியும் என்பார். அந்தக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் கடிதத்தின் தேதிகளைப் போடுங்கள்.